அம்மா ஓய்வு பெற்ற வாரம்

அன்புச் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே பாதி ஆரோக்கியம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கிளினிக்கில் கூட்டம் குறைவு, ஊரே திடீரென்று ஒழுங்காகப் பல் தேய்க்க ஆரம்பித்துவிட்டது போல.

வெள்ளிக்கிழமை தலைமைச் செயலகத்தில் அம்மாவுக்குப் பிரிவுபசார விழா. வர முடியவில்லையே என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, எனக்கே பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. மேடையில் ஆளுக்கொரு அம்மாவைச் சொன்னார்கள். வெள்ளத்தில் கடைசிப் படகு வரும்வரை கரையேறாத அம்மா, காலாவதியான மருந்தை அமைச்சர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்த அம்மா. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அந்தச் சாயங்காலமெல்லாம் நாம் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டது யாருக்குத் தெரியும்? நீ எப்போது போன் செய்தாலும் உதவியாளர்தான் எடுப்பார், மேடம் மீட்டிங்கில் இருக்காங்க என்பார். நீயும் சரி சார் என்று வைத்துவிடுவாய். இன்னொருவர், மேடம் எந்தக் கோப்பிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட மாட்டார், சந்தேகம் வந்தால் ஓரத்தில் பச்சை மையில் ‘பேசுக’ என்று எழுதுவார், எழுதின குமாஸ்தாவே ஆனாலும் எதிரே உட்கார வைத்து முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நம் வீட்டு விஷயம் ஒன்றுகூட அப்படி வந்ததாக ஞாபகமில்லை. ஒவ்வொரு மாற்றலையும் சாப்பாட்டு மேஜையில் உப்பை எடுத்துக்கொண்டே சொல்வாள். எந்த ஊர் என்று நீ கேட்பாய், எந்த வண்டி என்று நான் கேட்பேன், அவ்வளவுதான் பேச்சு. விழா முடிந்து நம் சின்னக் காரில் கிளம்பினோம். பழக்க தோஷம், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும் டிரைவர் மாதிரியே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆற்று நீர் ஆணையத்துக்குத் தலைவராக வரச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வேறு ஊர், ஐந்து வருஷம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இனிமேலாவது ஒரே வீட்டில் இருப்போம் என்று முன்னறையில் அவளுக்கென்று நாற்காலியெல்லாம் வாங்கிப் போட்டிருந்தேன். ஆனாலும் வாய் வரவில்லை. ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பிழைத்தவன் நான், என் வாயைத் திறக்க எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை பரணிலிருந்து அவள் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். அவள் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் செய்தித்தாள் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கடிதம் இருந்தது. ஓரத்தில் பச்சை மையில் ‘பேசுக’. எதிரே அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டுவிட்டாளே என்ற சந்தோஷத்தில் போய் வா என்று சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்று பயமாகக்கூட இருந்தது. கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தி, “போகாத” என்றேன்.

“இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட நீங்க இப்படிச் சொன்னதில்லையே” என்றாள்.

“நீ கேட்டதில்லையே” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேனாவை எடுத்து, வர இயலாது என்று அவளே பதில் எழுதினாள். நான் பெட்டியைப் பரணில் ஏற்றினேன், அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். சரியாகவே பிடிக்கத் தெரியவில்லை, திட்டினேன், வாங்கிக்கொண்டாள்.

கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, மாத்திரை போட்டு ஒப்பேற்றாதே, அங்கேயே யாரிடமாவது காட்டு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல், மனம் கோணாமல், நிறைவாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன் படித்துவிடட்டும் என்று அம்மாவிடம் கொடுத்தேன். மேலே ஓரத்தில் பச்சை மையில் இருக்கும் ஒற்றைச் சொல் அவள் உனக்கு எழுதியது. நீ போன் செய், இனி அவளே எடுப்பாள்.