பின்வாசல் வழியாக

16-8-74, வெள்ளி

மகள் செல்வியை இன்று மறுபடியும் விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். நேற்று அங்கே மாதிரிக் கப்பலின் சங்கு ஊதியதும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்து அலறினாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அப்போதுதான் கண்காட்சிப் பொறுப்பாளர் என்னிடம் வந்தார்.

“நாளைக்குக் காலையில வெள்ளன வாங்கக்கா. சங்கு, மின்னுத லைட்டு எல்லாத்தையும் நிறுத்திப்போடுதேன். யாரும் இருக்க மாட்டாங்க” என்றார்.

சொன்னபடியே செய்தார். கடலுக்கடியில் மூழ்கி வேலை செய்கிறவருக்குக் காற்று அனுப்பும் பம்பை அவர் மெதுவாகச் சுற்ற, குழாயில் வந்த காற்றைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு செல்வி சிரித்தாள்.

ஆனால் எங்களை ஏன் பின்வாசல் வழியாக உள்ளே விட்டார்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்வாசலில் வந்து நின்றதும் ஏன் அவசரமாக அதே வழியில் அனுப்பினார்? கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்தினார். அது என் மகளின் காதுக்காகவா, இல்லை அவளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றா?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “ஏளா, அந்த மனுசன் நல்லதுதான செஞ்சாரு. நீ எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுத” என்றார். நேற்று அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றது இவர் இல்லை.

பொறுப்பாளர் நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார். நேரே கேட்டுவிடலாம். ஆனால் நான் பயப்படும் பதிலையே அவர் சொல்லிவிட்டால், பிறகு அந்த வாசலை என்னால் மிதிக்க முடியாது.

செல்வி நாளைக்குப் போடும் பாவாடையைத் தலைமாட்டில் மடித்து வைத்துவிட்டுத் தூங்குகிறாள்.