என்ர முதுகைத் தெரிஞ்சவளுக்கு

என்ர கோவக்காரி றோசலினுக்கு,

களப்பில இறால் நல்லாப் படுது. எங்கட மகள் ஜெனி நேற்று உன்னைப்போலக் குழம்பு வைக்கப் பாத்தவள், புளி கூடிப்போச்சு. வாயைத் திறக்காமல் சாப்பிட்டனான். நீ வைச்சிருந்தாச் சொல்லியிருப்பன், நல்லா வாங்கியும் கட்டியிருப்பன்.

எனக்கு ரத்தப் புற்றுநோய் எண்டு வவுனியாவில சொன்ன நாள் ஞாபகமோ? இது மெல்லமாத்தான் போகும், இப்போதைக்கு மருந்து வேண்டாம், கிளினிக்குக்கு ஒழுங்கா வந்தாக் காணும் எண்டு டொக்டர் சொன்னவர். நீ பஸ்ஸில முல்லைத்தீவு மட்டும் அழுதுகொண்டு வந்தாய். நான்தான் முந்திப் போறவன் எண்டு ஊரே நினைச்சுது. போன மாரிக் காய்ச்சலோட நீ முந்தீட்டாய். என்னப்பா நியாயம் இது?

நீ போனாப்பிறகு நடந்த கிளினிக்கில டொக்டர் சட்டையைக் கழட்டச் சொன்னார். இந்த ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாம், வெயில் பட்டுத் தோலிலயும் புற்றுநோய் லேசா வருமாம். நானோ வெறும்மேலோட கடலில காய்ஞ்ச ஆள். தோளுக்குக் கீழ ஒரு கறுத்த மச்சத்தைத் தொட்டு, "ஐயா, இது முந்தியே இருந்ததோ, புதுசோ?" எண்டு கேட்டார்.

எனக்கு எப்பிடித் தெரியும்? கடலால வந்த என்னைக் கிணத்தடியில இருத்தி, தேங்காய்ப் பொச்சால முதுகு தேய்ச்சது நீ. அண்டையக் கோவமெல்லாம் அந்தத் தேய்ப்பிலதான் காட்டுவாய். கடலில சொறிமுட்டை சுட்ட தழும்பு, வலைக்கயிறு அறுத்த தழும்பு, எல்லாம் உனக்குத்தான் தெரியும். எத்தினை பேர் கண்ட முதுகு, நீ ஒருத்திதான் பாத்தனீ.

மனுசிக்குத்தான் தெரியும் எண்டிட்டன். அப்ப அடுத்த முறை அவாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டார். ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன். நீ இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்ல.

அடுத்த கிளினிக்குக்குப் போகேல்ல. ஆரைக் கூட்டிக்கொண்டு போறது? மச்சம் அரிக்கத் தொடங்க, உப்புத்தண்ணி எந்தப் புண்ணையும் ஆத்தும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறதை நம்பி, கடலில முங்கி முங்கி எழும்பினனான். ரத்தம் கசிஞ்சு சட்டையில பட்டதை ஜெனி கண்டிட்டாள். உன்ர பிள்ளையெல்லோ, அவள் பேசின பேச்சு கடற்கரை மட்டும் கேட்டிருக்கும்.

அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனவள். டொக்டர் மறக்கேல்ல.

"மனுசி வரேல்லையோ ஐயா?"

"அவா காய்ச்சலில மோசம் போயிட்டா."

என்ர வாயால அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் எழும்பி வந்து, தானே என்ர சட்டையைக் கழட்டி மச்சத்தைப் பாத்தார்.

வெட்டி எடுத்துச் சோதிச்சவை. கூடாததுதான், இதுவும் புற்றுநோய். ஆனா ஆழமாப் போகேல்லயாம், முழுக்க எடுத்தாச்சு. இனி மாதம் ஒருக்கா உடம்பு முழுக்கப் பாக்கவேணுமாம். மாத முதல் வெள்ளிப் பூசை முடிஞ்சு வந்து, வீட்டு முத்தத்து வெளிச்சத்தில ஜெனி பாக்கிறாள். ஒவ்வொண்டாத் தொட்டு, இது என்னப்பா, இது எப்ப வந்தது எண்டு கேக்கிறாள். அம்மாவுக்குத்தான் தெரியும் எண்டுறன்.

முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுத்தான் இப்ப கடலுக்குப் போறன். சிரிக்கிறவை சிரிக்கட்டும். முதுகில உனக்குத் தெரியாத தையல் தழும்பு ஒண்டு இருக்கு, நான் வரேக்க கண்டு பயந்து ஏங்கிப்போகாத. ஆனா சத்தியமாச் சொல்லுறன், அவசரப்பட்டு வரமாட்டன். இஞ்ச ஒருத்தி இப்பதான் என்னைப் பாக்கப் பழகுறாள்.

உன்ர மனுசன்,
சவிரி