இரண்டாவது விசிறி

பிப்ரவரி 3

நாடக அரங்கின் மேலாளரம்மா சொன்ன பழைய வேக்குவம் கிளீனர் இன்று காலை வந்து சேர்ந்தது. ஆள் வைத்து அனுப்புவார் என்று நினைத்தேன். அவரே இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார்.

எண்பது வருடத்துச் சாமான். நீளமான உருளை, அடியில் தரையில் சறுக்கி இழுக்க இரண்டு இரும்புப் பட்டைகள். ஒன்றைக் காணோம். தூசிப் பை இல்லை. குழாய் முனை இல்லை. திறந்து பார்த்தால், காற்றை இழுக்க இரண்டு விசிறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. மோட்டாரின் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கருகிக் கிடக்கிறது.

“எங்கம்மா இருபத்திரண்டு வருஷம் இதை இழுத்துக்கிட்டுத்தான் எங்க ஹாலைச் சுத்தம் பண்ணாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கறதுக்கு இல்ல சார். மார்ச் பதினஞ்சு ஹாலைப் புதுப்பிச்சுத் திறக்கறோம், அன்னிக்கு இது ஓடணும்.”

“ஓடும்மா” என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வலது கையைப் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 5

கை இன்று பரவாயில்லை. மதியம் வரைக்கும்.

பிப்ரவரி 8

மில்லிமீட்டர் வந்தான். லேத் பட்டறைக்காரனுக்கு ஊர் வைத்த பெயர். முடி வெட்டிக்கொண்டு வந்தால்கூட கண்ணாடியில் இரண்டு காதுக்கும் மேலே அளந்து பார்ப்பவன். முப்பத்தோரு வருடமாக மோட்டார் என் பாடு, கடைசல் அவன் பாடு.

இருக்கிற விசிறியைப் பார்த்து இரண்டாவதைச் செய்ய வேண்டும். வட்டத் தகடு, அதன் மேல் வளைந்த ஒன்பது இதழ்கள், எல்லாம் அலுமினியம்.

“ஒம்பது ஏன்யா? எட்டு வச்சிருந்தா கோடு போடறது சுலபம். நம்மள வதைக்கணும்னே ஒம்பது வச்சிருக்கான் பாவி” என்றான். சொல்லிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு அளந்தான். “அந்தப் பக்கம் கொஞ்சம் பிடி” என்றான்.

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். முப்பத்தோரு வருடத்தில் அவன் பிடி என்று சொல்லி நான் பிடிக்காதது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 13

காயில் கட்டி முடித்தேன். ஒருநாள் வேலை நான்கு நாள் இழுத்தது. சும்மா இருந்தால் கை ஆடுகிறது, வேலை கொடுத்தால் மக்கர் பண்ணுகிறது. விரல் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, யோசித்து, பிறகு நகர்கிறது — சரியாகச் சொன்னால் அப்படித்தான். முடி போன்ற கம்பியை நான்கு முறை அறுத்தேன்.

என்ன இது? வயதா? அறுபது எல்லாம் ஒரு வயதா?

பிப்ரவரி 17

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

புது விசிறியை அவன் காலையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பழையதற்கும் அதற்கும் வித்தியாசம் பளபளப்பு மட்டும்தான். அச்சில் மாட்டும்போது விசிறி தனியாகச் சுழன்றுவிடாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே அரிசி அளவில் ஓர் இரும்புத் துண்டைச் செருக வேண்டும். கீ என்போம். என் கையால் ஆயிரம் தடவை போட்டிருப்பேன். இன்று இருபது நிமிடம் போராடினேன். பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. இரண்டு முறை கீழே விழுந்து, தரையில் தவழ்ந்து தேடினேன். கடைசியில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நட்டை மட்டும் இறுக்கிவிட்டேன்.

தெரிந்துதான் செய்தேன். ‘ஒரு தடவை ஓட்டிப் பார்க்க இது போதும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியம் அவன் வந்து நின்றதும் சுவிட்சைப் போட்டேன். பத்து விநாடி நன்றாக ஓடியது. பிறகு நட்டு கழன்று, புது விசிறி நகர்ந்து, பழைய விசிறியின் மேல் ஏறிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நிறுத்தித் திறந்தால் இரண்டும் கசங்கிய காகிதம்.

“என்னய்யா ஆச்சு?” என்று கேட்டான்.

“துளை பெரிசு. லூஸா இருந்துச்சு” என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை? கீ பையில் இருந்தது. நெஞ்சுக்கு நேராக.

அவன் விசிறியைக் கையில் எடுத்துத் துளையைப் பார்த்தான். அதுவும் நசுங்கியிருந்தது, அளக்க வழியில்லை. “அப்படியா” என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

பிப்ரவரி 19

வரவில்லை. நான் போகவும் இல்லை. எந்த முகத்தோடு போவது?

பிப்ரவரி 21

சந்தை பக்கத்துப் புது லேத் கடைக்குப் போனேன். உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். “அளவு இல்லாம என்ன பண்றது சார்? முதல்ல அளந்தவர் யாரோ, அவர்கிட்டயே போங்க.”

பிப்ரவரி 24

தூசிப் பையை வீட்டிலேயே தைத்துவிடலாம் என்று என் மனைவியே சொன்னாள். ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிறவளுக்கு இது என்ன பெரிய காரியம். கெட்டித் துணியை உருளையின் வாய் வளையத்தின் மேல் விரித்து, “சுத்தி சாக்பீஸால கோடு போடுங்க, நான் பிடிச்சுக்கறேன்” என்றாள்.

போட்டேன். கோடு வட்டமாக வரவில்லை, புழு நெளிந்தாற்போல் வந்தது. அவள் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

“வயசானா ஆடத்தான் செய்யும்! அதுக்கு என்ன இப்ப?” என்று கத்தினேன்.

அவள் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

துணியை மடித்து எடுத்துக்கொண்டு தையல் மெஷினிடம் போய்விட்டாள். மாலையில் பை தயாராக மேசைமேல் இருந்தது. ஓரத்துக்கு இரட்டைத் தையல். என் கோட்டைத் துடைத்துவிட்டு அவளே போட்ட கோட்டில் வெட்டியிருக்கிறாள்.

பிப்ரவரி 26

மேலாளரம்மா போன் செய்தார். எடுக்கவில்லை.

மார்ச் 2

போய்விட்டேன். யோசித்தால் மில்லிமீட்டரிடம் போக மாட்டேன் என்று, சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிட்டேன்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பவில்லை. “என்ன, துளை அளக்க வந்தியா?”

கீயை அவன் மேசைமேல் வைத்தேன். “இது என் பைல இருந்துச்சு. அன்னிக்கே.”

மெஷினை நிறுத்தினான். அதை எடுத்தான். பழக்க தோஷம், மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தான். “சரியாத்தானே இருக்கு. ஏன் போடல?”

“போட முடியல.” கையை நீட்டினேன். பாக்கெட்டுக்குள் ஒளிக்காமல் ஒரு மனுஷன் முன்னால் நீட்டியது அதுதான் முதல் தடவை. அது பாட்டுக்கு ஆடியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி.

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“பதிமூணு நாளா அந்தத் துளையத்தான்யா நெனச்சுக்கிட்டு இருக்கேன்” என்றான். “கண்ணு போச்சுன்னு நெனச்சு கண் டாக்டர்கிட்ட போய் சோதிச்சேன். கண்ணு நல்லாருக்குன்னு சொன்னார். அப்ப புத்திதான் போச்சுன்னு முடிவு பண்ணி, வந்த ரெண்டு நுணுக்க வேலைய வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

என் மானத்தைக் காப்பாற்ற அவன் கண்ணைப் பிடுங்கியிருக்கிறேன்.

“மன்னிச்சிடு” என்றேன்.

“இப்ப போ. எனக்குக் கோவம் வருது, வந்து முடியட்டும்” என்றான். லேத்தை மறுபடி போட்டான்.

மார்ச் 3

அவளிடமும் சொன்னேன். பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தவே இல்லை.

“நாலு மாசமா உங்க சட்டைல எல்லாம் பொத்தான் காஜாவ ஒரு நூல் பெரிசாக்கி வச்சிருக்கேன். நீங்க கவனிக்கல.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா கத்துவீங்க.” பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். “அதுவும் இல்ல. கேட்டா, ஆமா, ஏதோ இருக்குன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்.”

மார்ச் 4

மேலாளரம்மாவிடம் போனில் உள்ளதைச் சொன்னேன். பழைய விசிறி போய்விட்டது, உடைத்தது நான். “எங்கம்மா காலத்து விசிறி சார் அது” என்றார். பிறகு, “சரி. ஓடுமா?”

தெரியவில்லை என்றேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

மார்ச் 8

மில்லிமீட்டர் வந்தான். துணியில் சுற்றி இரண்டு விசிறி. அன்று அளந்து வெட்டிய அட்டை அச்சை எறியாமல் வைத்திருக்கிறான். சறுக்குப் பட்டையும் குழாய் முனையும்கூடச் செய்துகொண்டு வந்துவிட்டான்.

“கோவம் போச்சா?” என்று கேட்டேன்.

“முக்கால்வாசி” என்றான். “நகரு. கீய நான் போடறேன். நீ வாயால வேலை செய், அது உனக்கு எப்பவும் நல்லா வரும்.”

நான் சொல்லச் சொல்ல அவன் பூட்டினான். மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டையை அவன் வைத்தான், அதை அழுத்தும் ஸ்பிரிங்கின் இறுக்கம் போதாது என்று நான் சொன்னேன். பை மாட்ட அவள் வந்தாள். மாலை நான்கு மணிக்கு ஓடியது. அதிராமல் ஓடியது. தரையில் கிடந்த நூல், பொத்தான், என் பழைய ரசீது எல்லாவற்றையும் விழுங்கியது. “ஐயோ, என் ஊசி!” என்று அவள் கத்தினாள்.

மார்ச் 15

அரங்கு நிறையக் கூட்டம். மேலாளரம்மா முன்வரிசையில் வேக்குவத்தை ஓட்டிக் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, “ஓரத்த விட்டுட்டியே” என்று எழுந்து, குழாயைப் பிடுங்கி ஒரு வரிசை முழுக்கத் தானே இழுத்தார். முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“இது எந்தக் காலத்துல இவ்வளவு பளபளன்னு இருந்துச்சு? முழங்கால்ல இடிச்சு இடிச்சுத் தழும்பாக்கின சனியன். ஆனா சத்தம் அதேதான்.”

கைதட்டினார்கள். விசிறிகளைச் செய்தது இவர் என்று மில்லிமீட்டரைப் பிடித்து முன்னால் தள்ளினேன். துளை மயிரிழை பிசகாது என்றும் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவன் தலையைக் குனிந்துகொண்டு சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான்.

மார்ச் 21

இதை எழுதுவது என் மனைவி. நான் சொல்கிறேன்.

நேற்று டாக்டரிடம் போனோம். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், காகிதத்தில் சுழி வரையச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். போகாது, மாத்திரையால் அடங்கியிருக்கும், வேலை செய்யலாம், எல்லா வேலையும் அல்ல. வெளியே வந்து படியில் உட்கார்ந்து இருவரும் அழுதோம்.

(நான் அழவில்லை. இவர் சொன்னதால் எழுதினேன்.)

திங்கட்கிழமை என் மேசை மில்லிமீட்டரின் பட்டறைக்குப் போகிறது. தடித்த கம்பி எனக்கு, மெல்லிய கம்பி அவனுக்கு. நேற்று அவன் கட்டிப் பார்த்த முதல் காயில் கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. சொன்னேன். முறைத்தான். அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினான்.

இன்னும் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்கிறாள். போதும் என்கிறேன். அப்படியானால் இதற்கு முந்தைய பக்கங்களை எல்லாம் படிக்கலாமா என்று கேட்கிறாள்.

படி என்கிறேன்.