செருப்போடு வந்தாலும் சரி

ஜனவரி 17, சனி

எல்ல டவுன் உடற்பயிற்சி ஸ்டூடியோவில் இன்று என் வகுப்பு நிறைந்து வழிந்தது. பிந்தி வந்தவர்கள் வராந்தாவில் பாய் விரித்தார்கள். முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இறுகிக் காதுவரை ஏறிக் கிடந்த தன் தோள் பல மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் இறங்கியது என்றாள். பெருமையாக இருந்தது. ஏன் இருக்கக்கூடாது? பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீட்டு லயத்தில் பிறந்தவள், ஸ்டூடியோவில் பாய் துடைக்கும் வேலைக்குப் போனவள், படித்துப் பரீட்சை எழுதி பிலாட்டீஸ் டீச்சர் ஆகியிருக்கிறேன். என்னை நானே மெச்சாமல் வேறு யார் மெச்சுவது?

வீட்டுக்கு வந்தால், அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. நவம்பர் மழையில் மேடு சரிந்து எங்கள் பழைய லயத்தை மூடியதிலிருந்து, வேறு லயத்துக்குக் குடிவந்த பிறகும், இப்படித்தான். அன்றைக்கு வெறுங்காலோடு ஓடினாள்; தகரம் கிழித்துப் பாதத்தில் தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றுவதில்லை. படுக்கும்போதும் இல்லை. படுத்தால்தானே! யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று தோட்டமே ஆறுதல்பட்டது. அக்காவுக்கு மட்டும் இன்னும் ஓடி முடியவில்லை.

ஊர் பேர் தெரியாதவர்களின் தோளை இறக்கி வைக்கிறேன். கூடப் பிறந்தவளைத் தூங்க வைக்க முடியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு பின்னேரங்களில் தோட்டத்துப் பெண்களுக்கு வகுப்பு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கிறது. தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்டுச் சாவியும் வாங்கியாயிற்று.

அக்காவிடம் சொன்னேன். "பகல்ல படுத்து எந்திரிக்கிறதுக்கு ஒரு வகுப்பா? போடி" என்றாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் கழுத்து கிடக்கிற இறுக்கத்தில் திருப்பவும் முடியாது.

ஜனவரி 24, சனி

அறிவித்தல் எழுதிக் கடையில் ஒட்டினேன். "நரம்பு மண்டலத்தைச் சீராக்கும் உடற்பயிற்சி. உடலும் மனமும் தளர்வாகும். அனைவரும் வருக." கையெழுத்து அழகாகவே வந்திருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

நாசமாய்ப் போயிற்று. மடுவத்து வாசலில் வரிசையாக ஆம்பிளைகள்! அழகையா மாமா முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, "மருந்து குளிசையா, எண்ணெயாம்மா?" என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நரம்பு, தளர்வு, இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் நம் ஆட்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று யோசித்திருக்க வேண்டாமா? பத்திரிகையில் நரம்புத் தளர்ச்சி வைத்தியர் விளம்பரங்களை நானும்தானே பார்த்து வளர்ந்தேன்.

பெண்கள் ஒருத்தியும் வரவில்லை. அக்காவோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கும் நல்லம்மா பிறகு வந்து சொன்னாள்: "ஒங்க அக்கா தண்ணி புடிக்கிற பீலியடியில நின்னு பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா." அக்கா சிரித்தாளா? அப்படியென்றால் அறிவித்தல் வீண் போகவில்லை.

பெப்ரவரி 1, ஞாயிறு

புது அறிவித்தல்: "கழுத்து, தோள், இடுப்பு வலிக்கு. பெண்களுக்கு மட்டும்." நல்லம்மா ஒரு கூட்டத்தையே இழுத்து வந்தாள். அக்காவும் வந்தாள்! கதவோரமாக நின்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லவில் செய்வதை அப்படியே செய்தேன். கதவைச் சாத்தினேன். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொன்னேன். மற்றவர்கள் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு படுத்தார்கள். அக்கா அசையவில்லை. "கழட்டுக்கா, பாய் அழுக்காகும்" என்றேன், எல்லார் முன்னாலும். ஒரு பார்வை பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

பாய் அழுக்காகுமாம். பாய்!

பெப்ரவரி 2, திங்கள்

அக்கா முகம் கொடுக்காமல் விடியவே கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். எனக்கும்தான் கோவம் வரும். இவளுக்காகத்தானே இவ்வளவும் செய்யிறேன்? ஒரு செருப்பக் கழட்டினா என்ன கொறஞ்சா போயிருவா? — பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஊரை அமைதிப்படுத்தப் புறப்பட்ட டீச்சரின் லட்சணம் இது.

பேனையை வைத்துவிட்டு மூச்சை விட்டேன். இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக. திரும்பவும். கோபம் போகவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அப்போதுதான் உறைத்தது. ஓடத் தயாராக நிற்கிற உடம்பு அது. அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, கண்ணை மூடச் சொல்லி, காலையும் வெறுங்காலாக்கினால் எப்படி அடங்கும்? பயமில்லை என்று வாயால் சொன்னால் நரம்புக்குக் கேட்காது. அது தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் படித்த முதல் பாடமே இதுதான்.

பெப்ரவரி 8, ஞாயிறு

கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்தேன். நானே செருப்போடு நின்றேன். யாரும் படுக்க வேண்டாம், சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள், கண் திறந்தே இருக்கட்டும், வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று மெதுவாகத் தலையைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். தோளைத் தளர்த்தச் சொன்னதும் நல்லம்மா, "நாங்க ஏற்கனவே தளந்துதான் போயிருக்கோம். மருந்து குளிசையா, எண்ணெயாம்மா?" என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஆனால் ஒரு தோளும் இறங்கவில்லை. விடிந்தால் தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்கிறவர்கள்.

அப்போது என் வாயில் தானாக வந்தது: "கொழுந்து நெறுத்தாச்சு. கூடைய எறக்குங்க."

எல்லாத் தோளும் ஒன்றாக இறங்கின. மடுவம் முழுக்க ஒரே பெருமூச்சு. இதை எந்தப் பாடத்திலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கே எனக்கு வந்தது. நான் கெட்டிக்காரிதான்.

அக்கா வரவில்லை. நல்லம்மா போய்ச் சொல்லாமலா இருப்பாள்?

பெப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. வகுப்பு இல்லை. தோட்டமே ஒரு ராத்திரிக்குக் கண் விழிக்கிறது. அக்கா நவம்பரிலிருந்து விழிக்கிறாள்.

பெப்ரவரி 22, ஞாயிறு

வந்தாள். செருப்போடு. "செருப்போட வந்தாலும் சரியாமே?" என்று நல்லம்மாவைத்தான் கேட்டாள், என்னை இல்லை. கதவுக்கு அடுத்த சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்க்காதது போல இருந்தேன். அதுதான் இன்றைய பயிற்சிகளில் எனக்குக் கஷ்டமானது.

கூடையை இறக்கச் சொன்னபோது அவள் தோள் இறங்கவில்லை. ஆனால் கடித்திருந்த பல்லை விட்டாள். தாடை அசைந்தது. போதும்.

மார்ச் 10, செவ்வாய்

ஏன் இப்போதெல்லாம் கதவைத் திறந்து வைத்து, எல்லாரையும் நிற்க வைத்துத் தொடங்குகிறாய் என்று ஸ்டூடியோவை நடத்தும் விதுஷா கேட்டாள். சொன்னேன். மற்ற டீச்சர்களுக்கும் இதை நீயே பழக்கு என்றாள். நான், அவர்களுக்கு! பஸ்ஸில் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா பாயில் உட்கார்ந்தாள். பாதத்தைச் சுவரில் பதித்து மெல்லத் தள்ளும் பயிற்சி. செருப்போடுதான். பாய் அழுக்கானது. ஆகட்டும்.

"செவரு திருப்பித் தள்ளுது நிஷா" என்றாள்.

"ஆமாக்கா. எங்கயும் போகாது."

"அந்தச் செவரு போச்சே."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் தள்ளினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வகுப்பின் நடுவில் மழை, தகரம் அதிர. அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் மலையைப் பார்த்தோம். சத்தமாக மூச்சை விட்டேன். வெகுநேரம் கழித்து அவளும் விட்டாள். பிறகு திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள்.

பயப்படாதே என்று நான் அவளுக்கு ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஓட வேண்டிய மழையும் வரும். எது அந்த மழை, எது இல்லை என்று உடம்புக்குத் தெரிந்தால் போதும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்றும் மழை. கடைசியில் விரும்பியவர்கள் படுக்கலாம் என்றேன். அக்கா வாசலைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் லேசான குறட்டை. நல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் 'எந்திரிங்க' என்று சொல்லவே இல்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து, ஓசைப்படாமல் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எல்லவில் எத்தனை கைதட்டல் வாங்கியிருக்கிறேன்; அத்தனையும் இன்றைய அந்தக் குறட்டைக்கு ஈடாகாது.

மழை விட்ட பிறகுதான் விழித்தாள். தலைமுடியை முடிந்துகொண்டு வாசலுக்குப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"அடியே நிஷா! எந்த மூதேவி என் செருப்ப வெளியில வச்சது? தொப்பலா நனைஞ்சு கெடக்கு!"

யாரும் வைக்கவில்லை. வரும்போது அவளே கழற்றி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"தெரியலக்கா" என்றேன்.

ஈரச் செருப்பு ஏற்றத்தில் வழுக்கும் என்று திட்டிக்கொண்டே இரண்டையும் கையில் எடுத்தாள். லயத்துக்குப் போகும் சேற்றுப் பாதையில் வெறுங்காலோடு எனக்கு முன்னால் நடந்தாள்.