இடம் மாறிய இரண்டு ஒயர்

ஜவ்வாது மலை,
வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாளா? நான் நலம். சாப்பாடும் பரவாயில்லை.

இங்கே மலைக்கு மேலே குடிநீர் ஏற்றும் குழாயில் தண்ணீரை அளக்கும் மீட்டர் இடி விழுந்து கெட்டது. நான்தான் சரிசெய்தேன். அன்றிலிருந்து அது பூஜ்யமே காட்டியது. மோட்டார் ஓட்டும் குப்பன் உங்களைவிட மூத்தவர். “தண்ணி ஓடுது சார், குழாயில காத வச்சிக் கேளுங்க” என்றார். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. “மீட்டர் பொய் சொல்லாது. நீங்க மோட்டாரே போடல” என்று கத்தினேன். ஆபீசுக்கும் அப்படியே எழுதினேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நேற்று மீட்டர் பெட்டியைத் திறந்தேன். சென்சாரின் இரண்டு ஒயரை மாற்றிப் பூட்டியிருக்கிறேன். மேலே ஏறும் தண்ணீர் பின்னால் போவதாக எடுத்துக்கொண்டு மீட்டர் பூஜ்யம் காட்டியிருக்கிறது.

அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“இன்னா சார், மீட்டருக்கு இப்பதான் கண்ணு தெரிஞ்சிச்சா?” என்று சிரித்தார். அவர் மனைவி செல்லி சிரிக்கவில்லை. ஆனாலும் சாமைச் சோறு போட்டார். கிளம்பும்போது குப்பன், “உங்க பேரை எழுதாதீங்க. ஒயர எலி கட்ச்சிச்சுன்னு எழுதிடுங்க, இல்லன்னா உங்க வேல பூடும்” என்றார்.

என் பேரைத்தான் எழுதினேன். இன்று காலை நானே கூப்பிட, அவர் மோட்டார் போட்டார்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கம்பளியும் ஊறுகாயும் கேட்டிருந்தேனே, இப்போது அனுப்பாதீர்கள். ஆபீஸ் பதில் வரட்டும். ஒருவேளை நானே வந்து சாப்பிடலாம்.

கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும், போளூர் பஸ் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்,
ஜீவானந்தம்