ஓர் அடி மேலே போட்ட குழாய்

நவம்பர் 4, திங்கள். திண்டிவனம்

விடியலிலிருந்து மழை. சட்டை மூன்றாம் நாளாகக் காயவில்லை. ஈரத்தோடே போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

டிரங்க் ரோட்டில் ஆகஸ்டில் நெடுஞ்சாலைத் துறைக்காக என் மேற்பார்வையில் கட்டிய சிறுபாலம். அதற்கு மேற்கே பள்ளத்தெரு, பதினோரு வீடு. முழங்கால் வரை தண்ணீர். ரோட்டில் விழுகிற மழையெல்லாம் அங்கே இறங்கி, பாலத்துக் குழாய் வழியாகக் கிழக்கே ஓடைக்குப் போகவேண்டும். நூல்போலத்தான் போகிறது. லாரி ஷெட்டுகளின் டீசலும் கிரீசும் கலந்து கறுப்பு. குடிக்கிற கிணற்றின் வாய்க்கு இன்னும் ஒரு சாண்தான்.

குடத்தோடு நின்ற ஒரு அம்மா: "ரோடு போட்டீங்க, சரி. ரோடு கழுவுன தண்ணிய நாங்க குடிக்கணுமா?" கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது.

ரோடு இன்ஸ்பெக்டர் சொல்வது: குழாயில் அடைப்பு, ஏழுமலை மண்ணை வாரவில்லை. ஏழுமலை பத்து வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரம் செய்யும் பட்டியலில் இந்த வருஷம்தான் பெயர் வந்திருக்கிறது. "உள்ள பூந்து பாத்துட்டேன் சார். சுத்தமா கீது." மறுபடி வாரு என்றேன்.

வாங்கவேண்டியது: பிளேடு, கொசுவத்தி, இன்லேண்ட் லெட்டர் 2.

நவம்பர் 5, செவ்வாய்

தூறல். கொஞ்சம் தள்ளியிருக்கிற பழைய பாலத்துச் சுவர்க் குறியிலிருந்து மட்டம் எடுத்துப் பார்த்தேன், யாருக்கும் சொல்லாமல். குழாயின் அடி, இருக்கவேண்டியதைவிட ஓர் அடி உயரத்தில். மறுபடி எடுத்தேன். அதே ஓர் அடி.

காரணம், மைல்கல். ஜூலையில் மந்திரி வருகிறார் என்று, சாய்ந்து புதைந்து கிடந்த கல்லையெல்லாம் தூக்கி நட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். "மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிக்கணும்" என்று கத்தியவன் நான். உயரம் அளக்க நான் வைத்திருந்த மட்டக்குறி, அதில் சிறுபாலத்துக்குப் பக்கத்துக் கல்லின் தலையில். கல் உயர்ந்ததை மறந்து, அதே குறியை நம்பி ஆகஸ்டில் குழாய்க்கு மட்டம் கொடுத்தவனும் நான். இன்னொரு தரம் சரிபார்க்கச் சோம்பல். வெயில்.

ஆக, அடைப்பே இல்லை. நூறு தரம் வாரினாலும் ஓர் அடித் தண்ணீர் தெருவில் நின்றே தீரும்.

சொன்னால் மெமோ. மெமோ வந்தால் விழுப்புரம் மாற்றல் போச்சு. மனைவி சரஸ்வதி அங்கே டீச்சர், நான் இங்கே லாட்ஜில், ஆறு வருஷம். ஒரு மணி நேர பஸ்தான். என் செக்‌ஷன் எல்லையை விட்டு வெளியே ராத்தங்கக் கூடாது என்று உத்தரவு. அடுத்த வாரம் தீபாவளி.

நவம்பர் 6, புதன்

மழை. சாம்பார் புளித்துவிட்டது.

ஏழுமலை மறுபடி குழாய்க்குள். நான் மேலே, குடையோடு. முதுகெல்லாம் சிராய்ப்போடு வெளியே வந்தான். "எங்கியோ வுட்டுட்டேன் போல சார்." சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. "டீ குடி" என்றேன். கோழை.

அவனாகவே வைக்கோலைப் புரியாகத் திரித்துக் கிணற்றைச் சுற்றி நாலு வரிசை போட்டிருக்கிறான். மிதக்கிற எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்கிறது. "மக்குன வைக்கோலு சார். மாடு துன்னாது, இதுக்காச்சும் ஆவட்டும்." ரோட்டுத் தண்ணீரை வெளியேற்றத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். போகிற இடத்தில் யார் குடிக்கிறார்கள் என்று யாரும் கேட்கச் சொல்லவில்லை.

சரசுவுக்குக் கடிதம்: தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 7, வியாழன்

கொட்டுகிறது. கிணற்றில் தண்ணீர் புகுந்துவிட்டது. வாளியில் நீலமும் மஞ்சளுமாகப் படலம். பெண்கள் ரயில்வே கேட் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள்.

ஏழுமலையை மூன்றாம் தரம் உள்ளே அனுப்பினேன். நாளை மேலதிகாரி, டிவிஷனல் இன்ஜினீயர் (டி.இ.) வருகிறார்; ஏதோ வேலை நடப்பதாகத் தெரியவேண்டுமே.

மாலை இன்ஸ்பெக்டர் அறைக்கு வந்தார். "டி.இ.கிட்ட ஏழுமலை ஒத்துக்கினான்னா மேட்டர் முடிஞ்சிடும் சார். இப்ப வேலைய வுட்டு நிறுத்திட்டு, பொங்கலுக்கு அப்புறம் கூலிக்கு எடுத்துக்கலாம். அவன்கிட்ட பேசிட்டேன். உங்க விழுப்புரம் ஆர்டர் கையெழுத்தாயி டி.இ. பையிலதான் கீதாம்." பொங்கலுக்கு அப்புறம் என்றால் பட்டியலில் பெயர் இருக்காது. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சரி என்று சொன்ன மாதிரிதான்.

ஜன்னல் மழையில் உப்பித் திறக்க வரவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மழை நின்றது. வானம் மூட்டம். பத்தரைக்கு டி.இ. ஜீப்.

"யாருய்யா வாரல?"

ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு, "நான்தாங்க. கவனிக்காம வுட்டுட்டேங்க."

"அடைப்பு இல்லை சார். குழாயே ஓர் அடி மேலே. நான் கொடுத்த மட்டம் தப்பு." என் குரல்தான். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

டி.இ. பையைத் தொட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போற எண்ணமே இல்லியா உனக்கு?" என்றார். எழுதிக்கொடுக்கச் சொன்னார். பானெட்டில் வைத்து எழுதினேன். திங்களன்று ரோட்டை உடைத்துக் குழாயை இறக்கவேண்டும், கிணற்றை இறைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு ஆர்டரோடு போய்விட்டார்.

மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஏழுமலை பக்கத்தில் வந்தான். கையெடுத்துக் கும்பிடப்போகிறான் என்று எதிர்பார்த்தேன். இந்த டைரியிலாவது பொய் எழுதாமல் இருக்கிறேன்.

"இது எப்பலேர்ந்து சார் ஒங்களுக்குத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."



"நேத்தும் என்ன உள்ள போவச் சொன்னீங்களே சார்."