நாட்டுக்கிடாவுக்குப் பூசிய நீலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? ஆவடியில் வெயில் போய் மழை வந்துவிட்டது. வெயிலில் செத்தது போக மிஞ்சிய ஆடுகளுக்கு இப்போது குளம்புப் புண்.

போன வருடம், கம்பளிக்காக வாங்கிய சீமை மெரினோ கிடாவோடு சேர்த்த ஆடுகள் நாட்டுக்குட்டிகளையே ஈன்றன. புல் அறுக்கச் சோம்பல்பட்டு தனியே அடைத்திருந்த நாட்டுக்கிடாவை அந்த ஆடுகளோடு மேய அவிழ்த்துவிட்டது மேஸ்திரி உத்தமன்தான். ஆனால் எல்லார் எதிரிலும், "இன்னா பொண்ணு நீ, பட்டிய சாத்தக்கூடத் தெரியாதா?" என்று பழியை என் தலையில் கட்டினார். நான் அழுதேனே தவிர வாய் திறக்கவில்லை.

மெரினோவின் நெஞ்சில் சிவப்புச் சாயம் பூசுவோம். அது சேர்ந்த ஆட்டின் முதுகில் சிவப்பு ஒட்டும். இந்த முறை நாட்டுக்கிடாவின் நெஞ்சில் நான் நீலம் பூசிவிட்டு, முதலாளியம்மாவோடு பூந்தமல்லிக்கு மருந்து வாங்கப் போனேன். திரும்பி வந்தால் பாதி ஆடுகளின் முதுகு நீலம். நாட்டுக்கிடாவை அடைத்த பட்டியின் சாவி உத்தமனிடம்தான் இருந்தது.

"அதுவா தாண்டிகினு வந்துச்சும்மா" என்றார் அவர்.

"அப்ப போன வருசமும் அதுவாத்தான் தாண்டிச்சா?" என்றார் முதலாளியம்மா. நீலம் பூசியது யார் என்றும் கேட்டார். நான்தான் என்று சத்தமாகச் சொன்னேன்.

இப்போது உத்தமன் புழுக்கை அள்ளுகிறார். இன்னொரு வருட உழைப்பு வீணானது. தெரிந்துதான் செய்தேன்.

மலையிலிருந்து யாராவது இறங்கினால் பூண்டு கொடுத்தனுப்பு. இங்குள்ள பூண்டில் நம் வீட்டு வாசனை இல்லை. மழை வலுக்கிறது, ஆடுகளை உள்ளே ஓட்ட வேண்டும். விரலில் நீலம் இன்னும் இருக்கிறது. நான் தேய்க்கவில்லை.

உன் மகள்,
சுகந்தி